இரவு பத்து மணி என்னும் எல்லை

ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் வார்த்தல், முகூர்த்த மாதங்களில் கல்யாண மண்டபம், இடையிடையே காதுகுத்து, கிரகப்பிரவேசம், தேர்தல் வந்தால் பிரசார வண்டி என்று, தமிழ்நாட்டின் குடியிருப்புப் பகுதிகளில் ஒலிபெருக்கி முழுவதுமாக ஓய்ந்திருக்கும் மாதம் அரிது. சத்தம் பொறுக்க முடியாமல் போய் யாராவது கேட்கப் போகும்போது இரண்டு வாக்கியங்கள் தவறாமல் எழும். “பத்து மணிக்கு மேல் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது” என்பார் கேட்கப் போனவர். “போலீஸில் பர்மிஷன் வாங்கித்தான் போட்டிருக்கிறோம்” என்பார் விழா நடத்துபவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அது எந்தச் சட்டம், அந்த அனுமதி எந்த மணி வரை செல்லும், எவ்வளவு சத்தம் வரை செல்லும் என்று கேட்டால் இருவருக்குமே தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. தூங்க முடியாமல் தவித்தவர்களுள் ஒருவன் என்ற முறையில் இந்த விதிகளைத் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய ஒலி விதிகளில் கடிகாரத்தைச் சார்ந்த பகுதி ஒன்று, டெசிபலைச் சார்ந்த பகுதி ஒன்று என இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பேச்செல்லாம் டெசிபலைப் பற்றியே நடக்கிறது. வீட்டில் படுத்திருப்பவரைக் காப்பாற்றக்கூடியதோ கடிகாரப் பகுதிதான்.

சட்டத்தின் வேர் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் கீழ் 2000 பிப்ரவரி 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகளே இன்று நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளவை. அதற்கு முன்பே, 1987இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, காற்றை மாசுபடுத்தும் பொருள் என்பதன் விளக்கத்துக்குள் சத்தமும் சேர்க்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு விதிகள் நிலப்பகுதியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பகலில் ஓர் எல்லையும் இரவில் ஓர் எல்லையும் வகுத்தன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் தூரத்துக்கு அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்துக்கு 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. மீதி எட்டு மணி நேரம் இரவு.

இந்தப் பட்டியலைத்தான் செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன. ஆனால் அதே விதிகளின் ஐந்தாம் விதி வேறு வகையானது. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியை எந்த நேரத்திலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அனுமதி இருந்தாலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி, ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. அரங்கு, கூட்ட அறை, விருந்து மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதற்காகவும், பொது அவசர நிலையிலும் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. இந்த விதியில் எத்தனை டெசிபல் என்ற கேள்விக்கே இடமில்லை. மணி பத்தரை, வெளியில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஓடுகிறது என்றால் விதி மீறப்பட்டுவிட்டது. எந்தக் கருவியையும் கொண்டுவந்து அளந்து காட்ட வேண்டியதில்லை. 2010 ஜனவரியில் வந்த திருத்தம் இதை மேலும் உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பு, சத்தம் எல்லையைக் காட்டிலும் 10 டெசிபலோ அதற்கு மேலோ மிகுந்தால்தான் புகார் செய்யலாம் என்று இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, இரவு நேரத் தடைகளுள் எது மீறப்பட்டாலும் அதுவே புகாருக்குப் போதும்.

பகலுக்கு இந்த வசதி கிடையாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் புகார் செய்ய வேண்டுமானால் சத்தம் 65 டெசிபலை எட்டியிருக்க வேண்டும் என்றாகிறது. அதை யாராவது முறைப்படி அளந்தாக வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தூங்கும் குழந்தைக்கும், இரவுப் பணி முடிந்து வந்து பகலில் படுக்கும் செவிலியருக்கும் காவலாளிக்கும் இந்த விதிகளில் தனி இடம் எதுவும் இல்லை. இது விதிகளின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

டெசிபல் ஏன் நம்மைக் கைவிடுகிறது

டெசிபல் மற்ற அளவுகளைப் போல நேராகக் கூட்டிக் கழிக்கக் கூடியதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உரத்துக் கேட்கிறது. 3 டெசிபல் கூடினாலே ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். திறந்தவெளியில் ஒரு பாக்ஸிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் பாக்ஸ், 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88 என்று இறங்கிக்கொண்டே போய், 64 மீட்டரில்கூட 64 டெசிபல் தரும். நம்முடைய தெருக்களில் இரு புறமும் சுவர் இருப்பதால் ஒலி அங்குமிங்கும் எதிரொலித்து அதைவிடக் குறைவாகவே தணியும். பொது இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கி, அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் அதிகமாகவோ 75 டெசிபலாகவோ, இரண்டில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். தனியார் இடமானால் எல்லைச் சுவரில் 5 டெசிபலுக்கு மேல் மிகக் கூடாது. அதாவது குடியிருப்புப் பகுதியில் பொது இடத்துக்குப் பகலில் 65, தனியார் இடத்துக்கு 60. இருபது அடித் தெருவில் பந்தல் போட்டு ஆள் உயர பாக்ஸ்களை அடுக்கி வைத்துவிட்டு இந்த எல்லைக்குள் நிற்பது எவராலும் இயலாத காரியம். எல்லோராலும் மீறப்படும் எல்லையை யாரும் எல்லையாக மதிப்பதில்லை.

இன்னும் ஆழமான சிக்கல், இந்த அளவுகள் சராசரியைக் குறிப்பவை என்பது. விதியில் உள்ள 45 டெசிபல் என்பது ஒரு நொடியின் அளவன்று. குறிப்பிட்ட கால அளவில் பரவிய ஒலி ஆற்றலின் சராசரி. பின்னணிச் சத்தம் 38 டெசிபலாக இருக்கும் ஓர் அமைதியான தெருவை எடுத்துக்கொள்வோம். சைலன்சரை மாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று இரவில் ஆறு முறை அந்தத் தெருவைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் அரை நிமிடம், ஜன்னலருகே 65 டெசிபல். எட்டு மணி நேரத்துக்கும் சராசரி எடுத்தால் அந்த இரவின் அளவு ஏறக்குறைய 44 டெசிபல்தான் வரும். கணக்குப்படி அது விதிக்கு உட்பட்ட இரவு. அந்த வீட்டில் படுத்திருந்தவரோ ஆறு முறை விழித்திருப்பார். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொண்டது. படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றதோடு, தனித்தனியாக எழும் சத்தம் எதுவும் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் அது சேர்த்துச் சொன்னது. நம்முடைய விதிகளில் அந்த இரண்டாம் பாதி இல்லை.

மூன்றாவது சிக்கலை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டின் பின்சுவருக்கு அப்பால் இரண்டு மனை தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்துவந்த நான்காம் நாள், வரவேற்பு நிகழ்ச்சிக்கு மண்டப வாசலில் பாக்ஸ் அடுக்கியிருந்தார்கள். இரவு 11 மணியைத் தாண்டியும் நிற்கவில்லை. செல்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி ஜன்னலோரம் பிடித்தால் 51, 52 என்று காட்டுகிறது. அதே நேரத்தில் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் பக்கத்து டம்ளரோடு உரசி, ஒவ்வொரு தாளத்துக்கும் கிண் கிண் என்று நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கட்டிலில் கை வைத்தால் அந்த அதிர்வு தெரிந்தது. பாட்டின் வரி ஒன்றுகூடக் காதில் விழவில்லை. அடி மட்டும் நெஞ்சுக்குள் வந்து இடித்தது.

செயலிகளின் கணக்கை அப்படியே நம்ப முடியாது என்பது உண்மை. ஆனால் முறையான கருவியும் ஏறக்குறைய அதையேதான் காட்டியிருக்கும். காரணம், விதிகள் கேட்கும் அளவு ‘ஏ’ அளவுகோலில் எடுக்கப்படுவது. மெல்லிய ஒலிகளுக்கு மனிதக் காது காட்டும் உணர்திறனைப் பின்பற்றி அமைந்த அந்த அளவுகோல், தாழ்ந்த சுருதி ஒலிகளைக் குறைத்தே கணக்கில் கொள்ளும். 63 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பேஸ் அடியில் சுமார் 26 டெசிபலை அது கழித்துவிடுகிறது. உண்மையில் 76 டெசிபலாக வந்து சுவரில் மோதும் அடி, மீட்டரில் 50 என்று பதிவாகும். நல்ல செங்கல் சுவரும் மூடிய ஜன்னலும் உயர்ந்த சுருதிகளைத் தடுப்பது போலத் தாழ்ந்த சுருதிகளைத் தடுப்பதில்லை. அதனால்தான் பாட்டு வெளியே நின்றுவிட, அடி மட்டும் உள்ளே வருகிறது. குழாய் ரேடியோ காலத்துத் தொல்லை காதைக் குத்தும் தொல்லை. கூம்பு வடிவக் குழாய்களுக்குத் தடை வந்து, அவற்றின் இடத்தைப் பெரிய பாக்ஸ்கள் பிடித்துக்கொண்ட பிறகு வந்திருப்பது கட்டிலை அசைக்கும் தொல்லை. 2000ஆம் ஆண்டில் எழுதிய அளவுகோல் இந்த மாற்றத்தைக் காணவில்லை.

ஆகவே, டெசிபலை நம்பிப் புகார் செய்பவர் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். எல்லாக் காவல் நிலையங்களிலும் அளக்கும் கருவி இல்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து அளக்க ஆள் வருவதற்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்துவிடும். அளந்தாலும் அது போக்குவரத்துச் சத்தம் என்று சொல்லிவிட முடியும். 2011இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பின் கீழ் சென்னையிலும் எழும்பூர், தியாகராய நகர், திருவல்லிக்கேணி, பெரம்பூர் போன்ற இடங்களில் தானியங்கி நிலையங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் பதிவுகள் பெரும்பாலும் எல்லை தாண்டிய அளவுகளையே காட்டி வந்திருக்கின்றன. சாலையே எல்லையைத் தாண்டிவிட்ட ஊரில், “என்னுடைய பாக்ஸால்தான் கூடியது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்பது எளிது.

மாதவரத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு

அந்தக் கேள்வி கேட்கப்பட்டும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்றின் நடுவிலேயே அது இருந்தது. சென்னை மாதவரத்தில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியின் குடியிருப்போர் நலச் சங்கம், அங்குள்ள ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் தரும் தொல்லையைப் பற்றி முறையிட்டது. சத்தம் மாதவரம் நெடுஞ்சாலையின் வாகனங்களால் வருவதாக மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பக்கத்தை விட்டு மறு பக்கத்தைப் பிடிக்கவில்லை. சத்தம் எழுப்பும் வாகனங்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஒலிபெருக்கியின் அளவையும் குறைக்கச் செய்ய வேண்டும் என்று காவல் துறைக்கு உத்தரவிட்டது. சாலையின் இரைச்சல் ஒலிபெருக்கிக்கு உரிமம் ஆகாது என்பது அதன் பொருள். மேல்முறையீட்டை 2000 ஆகஸ்ட் 30 அன்று தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், பிறருடைய அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. முதியோர், நோயாளிகள், சிறு குழந்தைகள், படிக்கும் மாணவர்கள் ஆகியோர் அமைதியாக இருக்க உள்ள உரிமையைக் குறிப்பிட்டது. வழக்கில் நின்றது ஒரு தேவாலயமாக இருந்தாலும் தீர்ப்பு கோவில், மசூதி, தேவாலயம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இதை ஏதோ ஒரு மதத்துக்கு எதிராக மட்டும் எடுத்துக் காட்டுபவர்கள் தீர்ப்பைப் படிக்காதவர்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு இன்னும் விரிவானது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளானபோது, அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கியால் அவளது கூக்குரல் யாருக்கும் கேட்காமல் போனது. பின்னர் அவள் தீக்குளித்து இறந்தாள். அதைச் சுட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தியும் நீதிபதி அசோக் பானும் 2005 ஜூலை 18 அன்று தீர்ப்பளித்தார்கள். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் சத்தமில்லாமல் வாழும் உரிமையும் அடங்கும். ஒருவருக்குப் பேசும் உரிமை இருப்பது போல மற்றவருக்குக் கேட்க மறுக்கும் உரிமையும் உண்டு. ஒலிபெருக்கியால் தன் பேச்சைப் பெருக்கிச் சத்தம் எழுப்புவது யாருடைய அடிப்படை உரிமையும் அல்ல என்றது அத்தீர்ப்பு. எல்லை மீறும் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர் முதலியவற்றைக் கைப்பற்றிப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்றும் கூறியது. இந்தக் கடைசி வரியின் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

விலக்குகளும் விடியற்காலையும்

பத்து மணி எல்லைக்கு ஒரே ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. 2002 திருத்தத்தின்படி, பண்பாட்டு அல்லது சமய விழாக்களுக்காக, ஆண்டுக்கு மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல், இரவு 10 மணி முதல் 12 மணி வரை ஒலிபெருக்கியை அரசு அனுமதிக்கலாம். அந்த 15 நாள்கள் எவை என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். எனவே, தெருவில் யாரோ ஒருவர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிவரும் அனுமதி, பத்து மணிக்கு மேல் பாட்டுப் போட வழி செய்வதில்லை. அந்த அனுமதி பகல் நேரத்துக்கானது. “பர்மிஷன் இருக்கிறது” என்று சொல்பவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் அதிலேயே நேரம் எழுதியிருக்கும்.

சலுகை நள்ளிரவோடு முடிகிறது. விடியற்காலைக்கு எந்தச் சலுகையும் இல்லை. இது நம் ஊருக்கு மிக முக்கியமான செய்தி. மார்கழி மாதம் காலை நாலரை மணிக்குக் கோவில் ஒலிபெருக்கியில் போடும் பாட்டு, அதே நேரத்தை ஒட்டி வரும் பாங்கு, முகூர்த்த நேரத்தில் மண்டப வாசல் ஸ்பீக்கரில் கேட்கும் நாதஸ்வரம் எல்லாமே விதியின் எழுத்துப்படி இரவு நேரத்தில் வருபவை. மார்கழிக் குளிரில் நாலு பேர் ஜால்ராவோடு திருப்பாவை பாடிக்கொண்டு வீதியில் நடந்து வருவதை நான் சிறுவயதிலிருந்து விரும்பிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எங்கள் வாசலைக் கடந்து போக ஒரு நிமிடம் ஆகும். ஒலிபெருக்கி கடந்து போவதில்லை. அது ஒன்றரை மணி நேரம் அதே இடத்தில் நின்று பாடுகிறது. 2010 திருத்தத்தின் சொற்கள் இசைக்கருவியையும் சேர்த்தே தடுக்கின்றன என்றாலும், நீதிமன்றங்கள் கவலைப்பட்டதெல்லாம் பெருக்கப்பட்ட ஒலியைப் பற்றியே. புகார் செய்பவர்களும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

மண்டபத்துக்குள் நடப்பது மூடிய இடம் என்ற விலக்குக்குள் வரும். ஆனால் விலக்கு உள்ளே இருப்பவர்கள் கேட்பதற்காக மட்டுமே. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, வாசலிலும் இரண்டு பாக்ஸ் வைத்தால் அது மூடிய இடமாகாது. எல்லைச் சுவரில் 5 டெசிபல் என்ற கட்டுப்பாடும் அதைப் பிடிக்கும்.

கடிகார விதி நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு நம் கண் முன்னாலேயே பதில் இருக்கிறது. தேர்தல் பிரசாரத்தில் பத்து மணி அடித்ததும் வேனில் நிற்கும் தலைவர் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, வெறுமனே கும்பிட்டுக்கொண்டே நகர்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அங்கே யாரும் டெசிபல் மீட்டரோடு நிற்பதில்லை. தேர்தல் அலுவலரின் கேமராவும் கைக்கடிகாரமும் போதுமாக இருக்கின்றன. தீபாவளியும் அப்படித்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் விதித்தபோது, தமிழ்நாட்டுக்கு அதைப் பிரித்துக்கொள்ள இடம் கிடைத்து, காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. நேரம் முழுமையாகப் பின்பற்றப்படுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது மணிக்கு வெடித்தால் அது தவறு என்பது வெடிப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

கட்டட வேலை, அடுக்ககம்

2010 திருத்தம், குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களையும், அவசரம் தவிர ஹார்ன் அடிப்பதையும் தடுத்தது. இரவில் வந்து நின்று விடிய விடிய துளைபோடும் போர்வெல் வண்டியும், நள்ளிரவில் கான்கிரீட் போடும் வேலையும் இதற்குள் வரும். நகருக்குள் கனரக வாகனங்களுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ஜல்லியும் கலவையும் இரவில்தான் வர முடிகிறது என்பது ஒப்பந்தக்காரர்களின் பதில். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு விதி பகலின் நெரிசலைக் குறைக்கப் போய், இன்னொரு விதி காக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதைத் தீர்க்க வேண்டியவர்கள் உள்ளாட்சியும் போக்குவரத்துக் காவலும் சேர்ந்துதான். தெருவில் இருப்பவர்களும் மேஸ்திரியும் சண்டையிட்டுத் தீர்வதன்று. ஜெனரேட்டருக்குத் தனி விதி உண்டு. 2005க்குப் பிறகு தயாரான, 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

அடுக்ககங்களில் சங்கத்தின் துணைவிதிகள்தான் அன்றாடம் பேசும். சுவரில் டிரில் போடுவது காலை இத்தனை மணிக்கு மேல், மாலை இத்தனை மணிக்குள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பிற்பகலில் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும் என்பவையெல்லாம் மத்திய விதிகளில் இல்லாதவை. குடியிருப்போர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள். முன்னால் சொன்ன பிற்பகல் தூக்கத்துக்கும் இரவுப் பணியாளருக்கும் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு இதுதான் என்பதால் இவற்றை எழுத்தில் வைத்திருப்பது அவசியம். மேல் வீட்டில் நாற்காலியை இழுப்பது, விடிகாலையில் உரலில் இடிப்பது போன்றவை தளத்தின் வழியாக இறங்கிவரும் சத்தம். அதற்கு விதியிலும் மருந்தில்லை, துணைவிதியிலும் பெரிதாக இல்லை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுவதும், உரலுக்கு அடியில் மடித்த சாக்கு போடுவதும் உடனே பலன் தரும்.

புகார் போகும் வழி

விதிகளில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், மாநகரங்களில் காவல் ஆணையருக்கும், துணைக் காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத, அரசால் நியமிக்கப்பட்ட அலுவலருக்கும் தரப்பட்டிருக்கிறது. சத்தத்தை நிறுத்தும்படி எழுத்தில் உத்தரவிடவும் அவர்களால் முடியும். நடைமுறையில் நள்ளிரவில் நாம் அழைப்பது 100 அல்லது 112தான். அழைக்கும்போது “சத்தம் தாங்க முடியவில்லை” என்று சொல்வதைவிட, “மணி 10.40, இந்த முகவரியில் வெளியில் ஒலிபெருக்கி ஓடுகிறது” என்று சொல்வது வலுவானது, முன்னது ஒருவரின் உணர்வு, பின்னது விதி மீறல். கடிகாரம் தெரியும்படி ஒரு நிமிடக் காணொளி எடுத்துக்கொள்வதும், தொடர்ந்து நடந்தால் மறுநாள் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்வதும் உதவும். நிலையாக ஓரிடத்திலிருந்து வரும் தொல்லைக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவுக்கு இணையாக, நிர்வாக நடுவரிடம் முறையிடலாம்.

தண்டனைப் பக்கம் அண்மையில் மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனை, ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் வழியாக 2024 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதமாக ஆகியிருக்கிறது. பொதுத் தொல்லைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா விதிக்கும் அபராதமோ 1,000 ரூபாய் வரைதான். ஒன்று எட்டாத உயரத்தில் இருக்கிறது, மற்றொன்று மண்டப வாடகையில் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, புகார் செய்தவர் யார் என்று தெரிந்துவிடுவது. அப்பா படுத்திருந்த அந்த இரவில் நான் தொலைபேசியில் சொன்ன பிறகு ரோந்து வண்டி வந்தது. வந்தவர் மண்டப வாசலில் நின்று, பின்வீட்டிலிருந்து கம்ப்ளைன்ட் வந்திருக்கிறது என்று எங்கள் வீட்டின் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார். சத்தம் பத்து நிமிடம் குறைந்து, பிறகு முன்பைவிடக் கூடியது. அதன்பிறகு பல மாதங்கள் நான் அழைக்கவே இல்லை. அழைக்கப் பயந்து ஜன்னலை மூடிக்கொண்டு படுக்கும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கும். ரோந்து வருபவர் மணியைப் பார்த்துவிட்டுத் தானே நிறுத்தச் சொன்னால் போதும், புகார்தாரர் என்று ஒருவரே தேவையில்லை. கடிகார விதியின் பெரிய வலிமையே அதுதான்.

அடுத்த ஆடியில் வேறு வழியை முயன்றேன். மாலை ஐந்து மணிக்கு, விழாக் குழுவினரிடம் போகாமல், கம்பத்தில் ஒயர் கட்டிக்கொண்டிருந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போய் நின்றேன். “அண்ணே, பத்து மணிக்கு மேல் ஓடினால் செட்டையே எடுத்துக்கொண்டு போக முடியும், கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. குழுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்டேஷனில் கிடக்கும்” என்றேன். அவர் ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த செட்டுக்கு இன்னும் கடன் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அன்று இரவு 9.55க்குக் கடைசிப் பாட்டு என்று மைக்கில் அவரே அறிவித்தார். குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அப்பா அப்போது விழித்துத்தான் இருந்தார். மின்விசிறிச் சத்தம் கேட்கிறதே என்றார்.